பழைய டிஜிட்டல் கேமரா வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் படிக்கும் அக்கா பெண்ணுக்கு ஒரு பழைய சின்ன கேமரா தேடிக் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்தது இது. அவள் தோழிகள், அந்தத் தோழிகளின் அண்ணன் தம்பிகள் என்று ஆள் சேர்ந்துகொண்டே போய், எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாய்ஸ் நோட்டில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முடிந்தால் முதலிலிருந்து படியுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

பழைய டிஜிட்டல் கேமரான்னா எந்த வருஷத்து கேமரா?

அப்படி ஒரு வரையறை எதுவும் கிடையாது. நான் இங்கே பேசுவது ஏறக்குறைய 1999 முதல் 2010 வரை வந்த, பாக்கெட்டில் அடங்குகிற, லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்களை. அதற்கு முன்னாலும் உண்டு. 1995-ல் வந்த காசியோ க்யூவி-10-க்குப் பின்பக்கம் திரையே இருந்தது, ஆனால் படம் 320-க்கு 240 புள்ளிதான். 1997-ல் வந்த சோனி மாவிகா படத்தை ஃபிளாப்பியில் பதிந்தது. அவையெல்லாம் சேகரிப்பவர்களுக்கு. தினமும் பையில் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் 2004-க்கு அப்புறம் வந்ததைப் பாருங்கள். காரணங்கள் கார்டு பற்றிய கேள்விகளிலும், பின்னால் சென்சார் கோளாறு பற்றிய கேள்வியிலும் வருகின்றன.

என் போன்லயே 50 மெகாபிக்சல் இருக்கு, 5 மெகாபிக்சல் கேமராவ வச்சு என்ன பண்றது?

தெளிவு வேண்டுமென்றால் போனே போதும், காசைச் செலவழிக்காதீர்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருட்டில், தூரத்தில், அசைகிற குழந்தையை எடுப்பதில் இப்போதைய சாதாரண போன்கூட இந்தக் கேமராக்களில் பலவற்றைத் தோற்கடித்துவிடும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. போன் நீங்கள் ஒரு தடவை தொட்டதும் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, முகத்தை மெழுகித் தருகிறது. பழைய கேமரா ஒரே ஒரு படம்தான் எடுக்கும். நிழல் கறுப்பாகவே இருக்கும், முகம் முகமாக இருக்கும். அப்புறம் ஃபிளாஷ். போனில் இருப்பது எல்இடி விளக்கு, இதில் இருப்பது செனான் குழாய். நொடியின் மிகச் சின்னத் துண்டில் பெரிய வெளிச்சத்தைக் கொட்டிவிட்டு அணைந்துவிடும். எல்லோரும் தேடுகிற அந்த 2000-களின் பார்ட்டி போட்டோ முகம் பெரும்பாலும் இந்தக் குழாய் கொடுப்பதுதான்.

சிசிடி சென்சார் இருந்தாத்தான் அந்த கலர் வருமாமே, நிஜமா?

பாதி நிஜம். சிசிடி என்பது படத்தைப் பிடிக்கும் சென்சாரில் ஒரு வகை, 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தது, அதற்காக 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் வந்தது. ஆனால் அது செய்வது விழுந்த வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றுவது மட்டும்தான். நிறம் என்பது சென்சாருக்கு மேலே ஒட்டியிருக்கும் வண்ண வடிகட்டி, வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் செய்யும் ஒயிட் பேலன்ஸ், அந்தக் கம்பெனி ஜேபெக் படத்தைச் சமைக்கிற விதம் இதெல்லாம் சேர்ந்து வருவது. சோனி செய்த சிசிடி அந்தக் காலத்தில் பல கம்பெனி கேமராக்களுக்குள் இருந்தது, ஆனாலும் கேனான் படம் ஒரு மாதிரியும் ஒலிம்பஸ் படம் வேறு மாதிரியும்தான் இருந்தது.

அதனால் விளம்பரத்தில் "சிசிடி" என்று போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். 2010-க்கு முன்னால் வந்த சின்ன கேமராக்களில் பெரும்பாலானவை சிசிடிதான், அதில் விசேஷம் ஒன்றுமில்லை.

அதெல்லாம் இருக்கட்டும், ஒரே ஒரு மாடல் பேர் சொல்லுங்க.

கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ். 2008-ல் வந்தது, 8 மெகாபிக்சல், இரண்டு பென்சில் செல், எஸ்டி கார்டு, கண் வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை, வெளிச்சம் புகும் லென்ஸ் துளையின் அளவையும் ஷட்டர் வேகத்தையும் நாமே வைத்துக்கொள்ளும் வசதி. அழகு கொஞ்சம் கம்மி. மெல்லிசாக, வெள்ளி நிறத்தில், சட்டைப் பையில் போட வேண்டுமென்றால் டிஜிட்டல் இக்சஸ் 50, இக்சஸ் 70 மாதிரி ஏதாவது.

ஆனால் மாடல் பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள். நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே வரிசை: முதலில் கார்டு, அப்புறம் பேட்டரி, கேமரா கடைசியில். இன்றைக்குச் சுலபமாகக் கிடைக்கிற கார்டையும் பேட்டரியையும் எடுத்துக்கொள்கிற கேமரா, சுமாரான கேமராவாக இருந்தாலும் அடுத்த வருஷமும் உங்கள் கையில் வேலை செய்யும். ஃபுஜிஃபிலிம் எஃப்30 போல 2006-லேயே இருட்டில் பேர் வாங்கிய கேமரா இருக்கிறது, ஆனால் அதற்கு இப்போது சுலபமாகக் கிடைக்காத எக்ஸ்டி என்ற கார்டு வேண்டும். முதல் கேமராவாக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கார்டுல அவ்வளவு என்ன பிரச்சினை? எல்லாம் ஒரே மாதிரிதானே?

இல்லை, பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எஸ்டி கார்டு என்றால் கவலை இல்லை. காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற கார்டு பெரிய கேமராக்களில் ரொம்ப நாள் இருந்ததால் இன்னும் கிடைக்கிறது, ரீடர் மட்டும் தனியாக வாங்க வேண்டும். ஒலிம்பஸும் ஃபுஜியும் 2002-ல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டு 2 ஜிபியோடு நின்றுபோனது, இப்போது பழைய கார்டுகள்தான் கைமாறுகின்றன, விலையும் அநியாயம். அதற்கு முந்தைய ஸ்மார்ட்மீடியா பிஸ்கட் மாதிரி மெல்லிசாக இருக்கும், அதிகபட்சமே 128 எம்பி. சோனியின் மெமரி ஸ்டிக்கில் பல தலைமுறை உண்டு, புதிய வகை பழைய கேமராவில் பெரும்பாலும் வேலை செய்யாது. 2010 வாக்கில்தான் சோனி தன் சின்ன கேமராக்களில் எஸ்டி கார்டையும் ஏற்க ஆரம்பித்தது.

கார்டு இல்லாமல் கேமரா மட்டும் மலிவாக வந்தால் முதலில் கார்டு ஓட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபுஜியின் எஃப்40எஃப்டி மாதிரி எக்ஸ்டி, எஸ்டி இரண்டையும் எடுத்துக்கொள்கிறவையும் உண்டு.

எஸ்டி கார்டுதான் வாங்கினேன், 32 ஜிபி. போட்டதும் "கார்டு எர்ரர்"னு வருது!

கேமரா கெட்டுப்போகவில்லை. 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி கார்டுகள் 2006-ல்தான் வந்தன. அதற்கு முன்னால் செய்த கேமராவுக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியாது. அதற்கு 2 ஜிபியோ அதற்குக் குறைவோ உள்ள சாதாரண எஸ்டி வேண்டும், கார்டின் மேல் வெறும் எஸ்டி என்று மட்டும் அச்சிட்டிருக்கும்.

கடையில் கிடைக்கவில்லையா, வீட்டில் பழைய நோக்கியா போன் இருந்தால் திறந்து பாருங்கள். அதிலிருக்கும் 1 ஜிபி, 2 ஜிபி மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். 2 ஜிபி போதுமா என்று கேட்காதீர்கள், 5 மெகாபிக்சல் கேமராவில் எழுநூறு படமாவது பிடிக்கும். எந்த கார்டு போட்டாலும் கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே ஒரு தடவை ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

புது பென்சில் செல் போட்டேன், நாலு படத்துல "பேட்டரி மாற்றவும்"னு வருதே?

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லைப் போட்டிருப்பீர்கள். அது இந்த வேலைக்கு ஆகாது, சில கேமராக்களில் லென்ஸ் வெளியே வருவதற்குள்ளேயே மூச்சு விட்டுவிடும். ஆல்கலைன் கொஞ்சம் தாங்கும், ஆனால் மோட்டார், ஃபிளாஷ், திரை மூன்றும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கும்போது அதன் வோல்டேஜ் சரிந்துவிடும்.

வேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் செல். 1.2 வோல்ட்தானே என்று தயங்காதீர்கள், இழுக்க இழுக்க அந்த 1.2-ஐ விடாமல் கொடுக்கும். எனிலூப் பிராண்டு மாதிரி, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகையாகப் பார்த்து நான்கு செல், ஒரு சார்ஜர். கேமராவைவிட இது அதிகம் உழைக்கும். இந்த அளவு செல், அவசரத்துக்கு ஆல்கலைனாவது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதால்தான் முதல் கேமராவுக்குப் பென்சில் செல் மாடலைச் சொல்கிறேன்.

சப்பையா தனி பேட்டரி போடற கேமராவுக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைக்குமா?

ஒரிஜினல் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பல வருஷம் பெட்டியில் கிடந்ததாக இருக்கும். கேனான் என்பி-4எல், சோனி என்பி-பிஜி1 மாதிரி பரவலாக இருந்த பேட்டரிகளுக்கு வேறு கம்பெனிகள் இன்னும் செய்கின்றன, அதுவே போதும். வாங்கும் முன் பேட்டரி மேல் இருக்கும் எண்ணைப் பார்த்துத் தேடுங்கள், கேமரா பெயரை வைத்துத் தேடாதீர்கள். லேசாக உப்பியிருக்கும் பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ள வேண்டாம், அது குப்பைக்கு.

எங்க போய் வாங்கறது?

முதல் இடம் உங்கள் வீட்டு பீரோ. கிண்டலாகச் சொல்லவில்லை. 2000-களில் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த கேமரா பல வீடுகளில் துணிக்கு அடியில் பையோடு கிடக்கிறது. குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சார்ஜரும் கூடவே கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அப்படி இல்லையென்றால் நேரில் பார்த்து வாங்கும்படி உங்கள் ஊரிலேயே விற்கிறவர்கள். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போவதானால் கேமராவைவிட கார்டு ரீடர், பேட்டரி, கேபிள் தேடிப் போங்கள், அது அங்கே பிரயோஜனமான நடை. இன்ஸ்டாவில் அழகாகப் படம் போட்டு விற்கும் பக்கங்களில் வாங்கினால், அந்தக் கேமராவிலேயே எடுத்த படத்தைச் சுருக்காமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்? "ரேர் பீஸ்"னு சொல்லி எட்டாயிரம் கேக்கறாங்க.

2010-ல் மட்டும் உலகத்தில் கம்பெனிகளிலிருந்து வெளியே போன டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி, அதில் பெரும்பங்கு இந்தச் சின்ன வகைதான். இதில் எது ரேர்? விலையை ஏற்றுவது யாரோ பிரபலம் கையில் வைத்திருந்த படம். அந்த மாடலுக்குப் பக்கத்து எண் உள்ள மாடல் அதே லென்ஸோடு பாதி விலைக்குக் கிடக்கும்.

சாதாரண பென்சில் செல் கேமராவுக்கு மூவாயிரத்துக்கு மேல் போனால் நான் யோசிப்பேன். பேட்டரி, சார்ஜர், கார்டு இல்லாமல் வருகிறதென்றால் அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு பேரம் பேசுங்கள்.

ஆன்லைன்ல புத்தம் புதுசா "48 மெகாபிக்சல் விண்டேஜ் கேமரா" வருதே, அது?

வேண்டாம். பெயர் தெரியாத கம்பெனிகள் விற்கும் அவற்றில் பலவற்றுக்கு உள்ளே இருப்பது மட்டமான சின்ன சென்சார், 48 என்பது இல்லாத புள்ளிகளை இருப்பது போல ஊதிப் பெருக்கிய கணக்கு. ஜூம் என்று எழுதியிருப்பதும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. முக்கியமாக, பலவற்றில் செனான் ஃபிளாஷ் இல்லை, ஒரு எல்இடிதான். இரண்டாவது கேள்விக்குச் சொன்னதைப் பார்த்தால் நீங்கள் தேடியது எதுவுமே அதில் இல்லை என்று புரியும்.

ஜப்பான்ல இருந்து வந்த கேமரா, மெனு எல்லாம் ஜப்பானிய மொழி. மாத்த முடியுமா?

கேனான் என்றால் பெரும்பாலும் மெனுவுக்குள் மொழி மாற்றும் இடம் இருக்கும். சோனியில் கஷ்டம், ஜப்பானுக்குள் விற்கச் செய்த பல சோனி கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், அது நிரந்தரம். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஒரே கேமராவுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். நம் பக்கம் டிஜிட்டல் இக்சஸ் 50 என்று வந்ததுதான் அமெரிக்காவில் பவர்ஷாட் எஸ்டி400, ஜப்பானில் இக்ஸி டிஜிட்டல் 55. ஒரு பெயரில் விலை ஏறியிருந்தால் மற்ற பெயரில் தேடுங்கள்.

நேர்ல போய் வாங்கறேன். என்னென்ன பாக்கணும்?

உங்கள் செல், உங்கள் கார்டு எடுத்துக்கொண்டு போங்கள், "பேட்டரி இல்லை, ஆனா ஒர்க்கிங் கண்டிஷன்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். முதலில் செல் போடும் அறையைத் திறந்து பாருங்கள். பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருந்தால் உள்ளே செல் ஒழுகியிருக்கிறது. லேசாக இருந்தால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவைத்தால் சரியாகும், கம்பி அரித்திருந்தால் வேண்டாம். அறையின் மூடி, அதன் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், பென்சில் செல் கேமராக்களில் முதலில் போவது அந்தக் கொக்கிதான். ரப்பர் பேண்டு போட்டு விற்கிறார்கள்.

அப்புறம் ஆன் செய்து லென்ஸ் கரகரக்காமல் வெளியே வருகிறதா, ஜூம் கடைசிவரை போய்த் திரும்புகிறதா என்று நான்கைந்து தடவை பாருங்கள். ஃபிளாஷைக் கட்டாயமாக எரியும்படி வைத்து இரண்டு மூன்று படம். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, கறை மாதிரி தூசி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸ் மேல் கையை மூடி ஒரு படம் எடுத்தால் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகளாகக் கெட்டுப்போன பிக்சல் தெரியும், இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை.

கடைசியாக டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி இருந்தால் பூஞ்சை. திரையில் கீறல், உடம்பில் அடி, எழுத்து அழிந்திருப்பது இதெல்லாம் விலை குறைக்க நல்ல காரணங்கள், வாங்காமல் இருக்கக் காரணம் இல்லை.

படம் ஊதா கலர்ல கோடு கோடா வருது, சில சமயம் முழுக்க கறுப்பு. மெனு மட்டும் நல்லா தெரியுது.

சென்சார் போய்விட்டது. இது பிரபலமான வியாதி. 2002 முதல் 2004 வரை சோனி செய்த ஒரு பகுதி சிசிடிகளில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி இணைப்பு விட்டுப்போனது. 2005-ல் சோனி, கேனான், நிகான், ஃபுஜி, ஒலிம்பஸ் எனப் பல கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. கேனானில் ஏ60, ஏ70, ஏ75 எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவை. அந்த இலவசமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

வெப்பமும் ஈரமும் என்றால் நம் கடற்கரை ஊர்கள்தான். அதனால் 2003, 2004 மாடல் வாங்குவதாக இருந்தால், இன்றைக்குப் படம் வருகிறது என்பதை மட்டும் நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

லென்ஸ் பாதியில நின்னு "இ18"னு காட்டுது. தட்டினா சரியாகுமா?

இ18 என்பது பழைய கேனான்களில் லென்ஸ் மாட்டிக்கொண்டது என்பதற்கான எண், மற்றவை "லென்ஸ் எர்ரர்" என்று சொல்லும். பெரும்பாலும் மணல். மெரினாவுக்குக் கொண்டுபோய்ப் பையில் போட்ட கேமராவுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முழு சார்ஜ் உள்ள பேட்டரி போட்டுப் பாருங்கள், சில நேரம் கரண்ட் போதாமலும் நிற்கும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழலைச் சுற்றியுள்ள இடுக்கில் காற்றுப் பம்பால் ஊதி, ஆன் ஆஃப் செய்து பாருங்கள்.

தட்டுவது, இழுப்பது எல்லாம் எப்படியும் குப்பைக்குப் போகிற கேமராவுக்கு மட்டும். திறந்து பார்க்கிறேன் என்று ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் 300 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

பூஞ்சை வராம எப்படி வச்சுக்கறது? அரிசில போடலாமா?

அரிசி வேண்டாம், தூசிதான் உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் நீல நிற சிலிக்கா ஜெல் பை, நீலம் மங்கி இளஞ்சிவப்பு ஆனதும் வாணலியில் மெதுவாகச் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைப்பதுதான் பூஞ்சைக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. மாதம் ஒருமுறையாவது எடுத்துப் படம் எடுத்தால் இதில் பாதி தேவையே இல்லை.

வாங்கிட்டேன். ஆனா படமெல்லாம் கலங்கலா, சொதசொதன்னு வருது. அந்த லுக் வரவே இல்ல!

மூன்று விஷயம். ஒன்று, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணை, ஆட்டோவில் விடாதீர்கள். வெளியில் 50 அல்லது 100, வீட்டுக்குள் ஃபிளாஷோடு 100, ரொம்ப அவசியமென்றால் 200. 400-க்குப் போனால் பல கேமராக்களில் மணல் கொட்டிய மாதிரி ஆகிவிடும். இரண்டு, பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தக் கூடாது. பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்து பீப் என்றதும், அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்து, சரியான நேரத்தில் மீதியை அழுத்த வேண்டும். போன் பழக்கத்தில் தட்டினால் ஆள் நகர்ந்த பிறகுதான் படம் விழும்.

மூன்றாவது ஃபிளாஷ். நீங்கள் தேடும் அந்த லுக், ஆட்கள் ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள், ஜூம் செய்யாமல், ஃபிளாஷ் கட்டாயம் எரியும்படி வைத்து எடுத்தால் வருவது. ஜூம் செய்தால் லென்ஸின் துளை சின்னதாகி ஃபிளாஷ் எட்டும் தூரமும் குறைந்துவிடும். மதியம் மரத்தடியில் நிற்கிறவர்களைக்கூட ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள், முகம் தெளிந்து பின்னணி கொஞ்சம் அடங்கிவிடும்.

கல்யாண மண்டபத்துல எடுத்தா ஆள் மட்டும் வெள்ளையா, பின்னாடி கும்மிருட்டு. என்ன பண்ணணும்?

சிலருக்கு அதுதான் பிடிக்கிறது! மேடை அலங்காரமும் தெரிய வேண்டுமென்றால் மெனுவில் இரவு உருவப்பட முறையைத் தேடுங்கள், நிலாவும் ஆளும் போட்ட படமாக இருக்கும். ஃபிளாஷ் எரிந்த பிறகும் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருந்து பின்னால் உள்ள விளக்குகளைப் பிடிக்கும். கை ஆடினால் விளக்குகள் கோடாக இழுபடும், ஆனால் ஆள் ஃபிளாஷில் உறைந்துவிடுவதால் அதுவும் ஒரு அழகுதான். ஆடக் கூடாது என்றால் தூணில் சாய்த்துப் பிடியுங்கள்.

வெயில்ல எடுத்தா வேட்டி வெள்ளையா எரிஞ்சு போகுது, மரத்தைச் சுத்தி ஊதா கோடு வருது.

வேட்டி எரிவதற்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் மூன்றில் இரண்டு வையுங்கள், ப்ளஸ் மைனஸ் போட்ட பட்டன். எரிந்துபோன வெள்ளையை அப்புறம் எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. இருண்டதைக் கொஞ்சம் தூக்கலாம்.

வெளுத்த வானத்துக்கு எதிராகத் தென்னங்கீற்று இருந்தால் அந்த ஊதா விளிம்பு வரத்தான் செய்யும், சின்ன லென்ஸின் குணம் அது. சூரியனையோ விளக்கையோ நேராகக் காட்டும்போது திரையில் மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் அதுவும் கோளாறு இல்லை, சிசிடியில் நிரம்பி வழிகிற வெளிச்சம். வீடியோவிலும் பதியும், சில கேமராக்களில் படத்திலும்.

போனுக்கு எப்படி மாத்தறது? கேபிள் இல்ல.

கேபிள் தேட வேண்டாம். டைப்-சி முனை உள்ள ஒரு கார்டு ரீடர் வாங்கி, கார்டைச் செருகி, டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத் திறந்து நகல் எடுங்கள். நண்பர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் அது இன்னும் சுருக்கிவிடும்.

மெனுவில் ஃபைல் எண்ணிக்கை தொடர்ச்சியாக என்று ஒரு தேர்வு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை ஃபார்மேட் செய்த பிறகும் படம் 0001-லிருந்தே ஆரம்பித்து, பழைய படத்தின் மேல் புதுசு போய் உட்காரும் ஆபத்து இருக்கிறது.

காப்பி பண்ணின படமெல்லாம் கேலரில காணோம்!

கீழே போய்ப் பாருங்கள், 2005 ஜனவரி 1 மாதிரி ஏதாவது ஒரு பழைய தேதியில் இருக்கும். கேமராவின் தேதி அழிந்திருக்கிறது. தேதியை நினைவில் வைக்க உள்ளே ஒரு சின்ன செல் உண்டு. சில மாடல்களில் அது நாமே மாற்றும் பொத்தான் செல், சிலவற்றில் உள்ளேயே இருப்பது. பின்னதற்கு, முழு சார்ஜ் பேட்டரியைப் போட்டு ஒரு நாள் சும்மா வைத்தால் தானே ஏற்றிக்கொள்ளும். அதுவும் நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு முறையும் தேதி வைக்க வேண்டியதுதான்.

இதுல எடுத்ததை பிரிண்ட் போட முடியுமா?

தாராளமாக. ஆறுக்கு நாலு அங்குல பிரிண்ட் நன்றாக வர 1800-க்கு 1200 புள்ளி போதும், அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இந்தக் கேமராக்களின் படம் நாலுக்கு மூன்று வடிவம், ஸ்டூடியோவில் சொல்லாமல் கொடுத்தால் மேலேயும் கீழேயும் வெட்டிவிடுவார்கள், தலை போய்விடும். வெள்ளை விளிம்பு விட்டு முழுப் படமும் போடச் சொல்லுங்கள்.

பழைய கேனான்ல "ரா" ஃபைல் எடுக்கலாமாமே?

பலவற்றில் முடியும். ரா என்பது கேமரா சமைக்காமல், சென்சாரிலிருந்து வந்தபடியே வைக்கும் ஃபைல். சிஎச்டிகே என்று ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள் இருக்கிறது, கார்டில் போட்டு அங்கிருந்தே ஓடும். கேமராவின் சொந்த மென்பொருளை அழிக்காது, கார்டை எடுத்துவிட்டால் பழையபடி. மாடல் மட்டுமல்ல, ஃபர்ம்வேர் எனப்படும் அந்தச் சொந்த மென்பொருளின் பதிப்பும் சரியாகப் பொருந்த வேண்டும். ஏ590-க்கு உண்டு. ஆனால் மூன்றாவது கேள்வியில் சொன்னதை யோசியுங்கள்: அந்த நிறத்தைக் கொடுப்பதே கேமராவின் ஜேபெக்தான், ரா எடுத்தால் அதைத்தான் முதலில் கழற்றி வைக்கிறீர்கள்.

ஃபிளைட்ல எக்ஸ்ரேல போனா படம் போயிடுமா?

போகாது, அது ஃபிலிமுக்கான பயம். உதிரி லித்தியம் பேட்டரியை மட்டும் செக்-இன் பெட்டியில் போடாமல் கையில் கொண்டுபோங்கள்.

வாங்கின கேமராவுல யாரோ வீட்டு போட்டோ எல்லாம் இருக்கு. என்ன பண்றது?

விற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் வீட்டுப் படமாக இருந்தால் பிரதி கேட்பார், எங்கோ கிலோ கணக்கில் எடுத்து விற்கிறவர் என்றால் பதிலே வராது. இரண்டிலும் அந்தப் படங்களை எங்கேயும் போடாதீர்கள். "கண்டெடுத்த போட்டோ" என்று போட்டு லைக் வாங்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம், அதில் இருக்கிற குழந்தை இப்போது உங்கள் வயதில் எங்கோ இருக்கும்.

நீங்கள் விற்கும்போதும் இதை யோசியுங்கள். கேமராவில் செய்யும் ஃபார்மேட் படத்தை முழுசாக அழிப்பதில்லை, மீட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனால் கார்டைக் கொடுக்காமல் கேமராவை மட்டும் விற்பது நல்லது. சோனி, நிகான், ஃபுஜி, கோடக் கேமராக்கள் பலவற்றில் கார்டு இல்லாமலே சில படம் பிடிக்கிற உள் நினைவகமும் உண்டு. கார்டை எடுத்துவிட்டு ஆன் செய்து பார்த்து, அதில் இருப்பதையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.